ஏழுக்குக் கீழே

மனிதர்களில் ஏழுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதிர்ஷ்ட எண் பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், எதையோ நம்பிக்கொண்டு தன் பாட்டுக்கு இருப்பார். ஏழுக்காரர் அறிவியல்காரர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் இவர் மஞ்சள் தாள்கள் அடைத்த சின்ன டப்பா ஒன்றை வைத்திருப்பார். உங்கள் வீட்டுக்கு வருவார், உட்காருவார், பிள்ளைகளை விசாரிப்பார், நீங்கள் நீட்டுகிற தேநீரைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார், எல்லாம் நம்மைப் போலத்தான். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு தாளை எடுத்துத் தேநீரில் முக்குவார். தாள் நிறம் மாறும். ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்துகிறவர் மாதிரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிடுவார்.

"அஞ்சே கால்," என்பார்.

தேநீர் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்தத் திரவத்திலும் அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று சொல்ல ஓர் அளவு இருக்கிறது, பி.எச். என்பார்கள். பூஜ்யத்தில் தொடங்கிப் பதினான்கு வரை போகும். நடுவில் ஏழு. சுத்தமான தண்ணீர் அங்கே நிற்கிறது. ஏழிலிருந்து கீழே இறங்க இறங்க அமிலம்: எலுமிச்சை, வினிகர். மேலே ஏற ஏறக் காரம்: சமையல் சோடா, சோப்பு. மிளகாய்க் காரம் வேறு, அது இந்தக் கணக்கில் சேராது. இதை நாம் எல்லோரும் ஒருமுறை படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். உடம்புக்கு நல்லது அதுதான். ஏழுக்காரர் மட்டும் மறக்கவில்லை. அல்லது ஓய்வு பெற்ற பிறகு யாரோ அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டார்கள்.

அவர் எதை எதையெல்லாம் அளப்பார்? எதை விடுவார் என்று கேளுங்கள். மழை பெய்தால் வாசலில் கிண்ணம் வைப்பார். தரை துடைத்த வாளியில் ஒரு தாள். சலூன்காரர் முகத்தில் தடவிய நுரையில் ஒரு தாள், கத்தி கழுத்தருகே இருக்கும்போதே. துக்கம் கேட்கப் போன வீட்டில் அழுதுகொண்டிருந்த மைத்துனியின் கன்னத்தில் ஒருவர் தாளை ஒற்றி எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மைத்துனி அழுகையை நிறுத்திவிட்டார். ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

"நாக்கு பொய் சொல்லும், தாள் சொல்லாது" என்பது அவருடைய வேதம். "எல்லாமே ஒரு எண்தாங்க" என்பது அதன் விளக்கவுரை.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். புரட்டிப் படுக்கவைப்பது, புண் கட்டுவது, ஊட்டுவது, துடைப்பது, அள்ளுவது எல்லாம் என் வேலை. எல்லா வீட்டுக்கும் இரண்டு வாசல் உண்டு. விருந்தாளி முன் வாசல் வழியாக வந்து மனிதர்களின் முகத்தைப் பார்ப்பார், நான் பெட்பேனோடு மறுபக்கம் வந்து மற்றதைப் பார்ப்பேன். அரைகுறையாக வளர்ந்த ஏழுக்காரர்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். முழுதாக வளர்ந்த ஒருவரை ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்தேன். அவரைச் சொன்னால் இனத்தையே சொன்ன மாதிரி.

அவர் ஒரு கிடங்கில் இருப்புச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டி இருந்தால் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்று கை அரிக்கும் ஆள். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் மீன்தொட்டி ஒன்று பரிசளித்தார்கள். தொட்டித் தண்ணீரைச் சோதிக்கத் தாள்களும் கூடவே வந்தன. அவர் தண்ணீரைச் சரியாக ஏழில் கொண்டுவந்து நிறுத்தினார், நிறுத்திக்கொண்டே இருந்தார், அதில் ஒரு சொட்டு, இதில் ஒரு சிட்டிகை என்று இரவுபகலாக நிறுத்தினார். மீன்கள் செத்துப்போயின.

"ஆனா சாகும்போது ஏழுலதான் இருந்துச்சு," என்றார் என்னிடம். குரலில் வருத்தம் இல்லை.

தாள்கள் மிச்சமாயின. எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

அவர் மனைவி தையல்கடை வைத்திருந்தவர். கத்தரி கையிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எழுந்து நடக்க நாளாகும். தையல் போட்ட இடம் ஆற மறுத்தது. ஆறாத புண்ணுக்கு நான் கற்ற வைத்தியம் மிகப் பழையது: நன்றாகச் சாப்பிட வேண்டும். ஆனால் அந்த வீட்டில் நான் காலடி வைப்பதற்கு முன்பே ஏழுக்காரர் வேறொன்று கற்றிருந்தார். எங்கே? கைப்பேசியில்.

"நர்சம்மா, ஏழுக்குக் கீழ இருக்கிற எதுவும் இவ வாய்க்குள்ள போகக் கூடாது. அமிலம் புண்ணை ஆற விடாது. நான் எல்லாத்தையும் அளந்து சீட்டு ஒட்டிட்டேன். பார்த்துக் குடுத்தாப் போதும்."

சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடியிலும் டப்பாவிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஓர் எண். இப்போது நீங்களும் ஒரு நிமிடம் உலகத்திலுள்ள சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். பால் ஆறரை. சோறு ஆறேகால். ரொட்டி ஐந்தரை. வாழைப்பழம் ஐந்து. தக்காளி நாலேகால். மீன், இறைச்சி, கீரை, கிழங்கு, முதல் வாய்ச் சோற்றில் தொடங்கிக் கடைசி வாய்க் கஞ்சி வரை மனிதன் ஆசைப்பட்டுத் தின்கிற பெரும்பாலானவை ஏழுக்குக் கீழேதான். மேலே என்ன இருக்கிறது? முட்டையின் வெள்ளைக்கரு. சமையல் சோடா கரைத்த தண்ணீர். அதற்கும் மேலே சோப்பு. அதற்கும் மேலே கழிவறை கழுவுகிற திரவம்.

அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே இதைக் கணக்கெடுத்திருந்தார்.

"சோப்பைத் துண்டு போட்டுக் குடுத்துடுங்க, நர்சம்மா. தொட்டுக்க ப்ளீச்சிங் பவுடர்."

கேலி புரிந்ததா அந்த மனிதருக்கு? யோசித்தார். உண்மையாகவே நின்று யோசித்தார்.

"சோப்பு பத்து. அவ்வளவு வேணாம்," என்றார்.

வெள்ளைக்கருவும் சோடாத் தண்ணீரும் இறங்கின. மறுவேளையும் அவையே இறங்கின. மூன்றாம் வேளை தட்டைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ஓங்கரிப்பு வந்தது. ஒருநாள் பிற்பகல், பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கிய வாசனை ஜன்னல் வழியாக வந்தபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் சத்தமில்லாமல் அழுதார். ஏழுக்காரர் எங்கிருந்தோ மோப்பம் பிடித்துத் தாளோடு வந்தார். ஒற்றினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏழு புள்ளி நாலு. அருமை. எங்கியும் தப்பு இல்ல."

"தப்பு இல்லையாம்," என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "நான் சந்தோஷமாத்தான் இருக்கேனாம்."

கைகள் மெலிந்தன. புரட்டும்போது முதுகெலும்பு என் உள்ளங்கையில் மணி மணியாகத் தட்டுப்பட்டது. குதிகால் சிவந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் எடை போடச் சொன்னார், முகத்தைச் சுளித்தார். "அடுத்த தடவை நான் வரும்போது எடை ஏறியிருக்கணும். இல்லன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து, மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்க வேண்டியிருக்கும்."

குழாய் போட்டவர்களை நான் பார்த்துக்கொண்டதுண்டு. தேவைப்படும்போது அது உயிர் காக்கும். பல்லும் பசியும் இருக்கிற பெண்ணுக்கு, வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறார் என்பதற்காகக் குழாயா?

சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன். ஏழுக்காரரோடு சண்டை போட்டவர்களுக்குத் தெரியும், அது தண்ணீரை இடிப்பது மாதிரி. "டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னு சொன்னாரே, சார்?" என்றால், "அவருக்கு எங்க நேரம் அளந்து பார்க்க?" என்பார். டாக்டரையே தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தேன். இவர் பாலிலிருந்து தொடங்கி எண்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். தக்காளி வருவதற்குள் டாக்டர் வைத்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தது அந்த அம்மாதான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் அல்லவா? எந்த இடத்தில் கத்தரித்தால் துணி பிரியும் என்று தெரியும்.

"என்னங்க, ஒரு சந்தேகம்," என்றார் ஒருநாள் காலை, மிகவும் பணிவாக. "டீ அஞ்சே கால், பால் ஆறரை. முக்கால் டம்ளர் டீயில கால் டம்ளர் பால் ஊத்தினா எவ்வளவு வரும்? தாளை முக்கிப் பார்க்கக் கூடாது. கணக்காச் சொல்லணும்."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மனைவி கேட்ட முதல் நல்ல கேள்வி.

"இது சாதாரணக் கணக்கு இல்லம்மா. ஒரு படி இறங்கினா அமிலம் பத்து மடங்கு. ரெண்டு படின்னா நூறு மடங்கு. அதெல்லாம் பார்த்துப் போடணும்."

"மெதுவாப் போடுங்க. அவசரமில்ல."

அவர் சாப்பாட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய் முக்கால் டம்ளர் தேநீரில் கால் டம்ளர் பாலை ஊற்றிக் கொண்டுவந்தேன், சர்க்கரை தாராளமாக. கூடவே ரொட்டி. அவர் விடையோடு வந்தபோது அந்த அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சரைக்குக் கிட்ட வருது. ஆனா குடிக்கக் கூடாது."

"சரிங்க," என்றார் அந்த அம்மா. "மத்தியானத்துக்கு வேற ஒண்ணு கேக்கறேன்."

மத்தியானம் சோறும் தயிரும் எந்த விகிதத்தில் என்று கேட்டார். ராத்திரிக்குக் கஞ்சியும் எலுமிச்சையும். கஷ்டமான கணக்கு என்றால் இரண்டாவது தடவையும் பரிமாறினேன். கணக்குப் போடுகிறவன் சாப்பிடுகிறவனைப் பார்ப்பதில்லை என்பதை எத்தனையோ பணக்கார வீடுகளிலும் கவனித்திருக்கிறேன்.

ஆனால் ஏழுக்காரரைக் குறைத்து எடைபோடக் கூடாது. அவர் வாயிலில் மட்டுமா காவல் நிற்பார்? மறுவாசலிலும் நிற்பார். தினமும் காலையில் நான் பெட்பேனை மூடி எடுத்துக்கொண்டு போகும்போது குளியலறை வாசலில் தாளோடு காத்திருப்பார், பால்காரனுக்குக் காத்திருப்பது மாதிரி. ஒருநாள் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நேத்து ஆறு. இன்னைக்கு அஞ்சரை. ஏழுக்குக் கீழ ஏதோ உள்ள போயிருக்கு."

அவ்வளவுதான். சமையலறைக்குப் பூட்டு வந்தது. சாவி இடுப்புக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் கணக்கெல்லாம் கிடையாது என்று கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் வெள்ளைக்கரு. மறுபடியும் ஓங்கரிப்பு. டாக்டர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலருகே ஒரு பொருள் மட்டும் தடையில்லாமல் இருந்தது: சமையல் சோடா டப்பா. தண்ணீரில் கலக்க என்று அவரே வைத்தது. மறுநாள் காலை பெட்பேனோடு போகும்போது அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். எதில் என்று விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நீட்டினேன்.

அவர் தாளை முக்கினார். அந்த மனிதர் அவ்வளவு மெல்ல மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

"ஏழு," என்றார். "சரியா ஏழு."

அப்பாடா, இனி பூட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். முட்டாள்தனம். ஏழுக்காரருக்கு எண் சரியாக வந்தால் என்ன அர்த்தம்? வைத்தியம் பலிக்கிறது என்று அர்த்தம். பலிக்கிற வைத்தியத்தை யாராவது மாற்றுவார்களா?

"இதையே தொடரணும். ஒரு வாய் கூட மாறக் கூடாது."

மீன்களும் ஏழில்தான் இருந்தன என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அறைக்குத் திரும்பி, முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் தோள் குலுங்கியது.

"நர்சம்மா, கீழ போனா மேல கொண்டு வர்றார். சரி. மேல போனா?"

"கீழ கொண்டுவரணும்."

"எதை வெச்சுக் கொண்டுவருவார்?"

நான் துடைப்பதை நிறுத்தினேன். உலகத்துச் சாப்பாடெல்லாம் எங்கே இருக்கிறது என்று முன்பே சொன்னேனே?

குளியலறையில் துணி ஊறவைக்கச் சலவைச் சோடா இருந்தது. அது சமையல் சோடாவுக்கு அண்ணன். மறுநாள் காலை என் கை கொஞ்சம் தாராளமாக இருந்தது. தாள் பச்சையைத் தாண்டி நீலத்தைத் தாண்டி, அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு நிறத்துக்குப் போனது.

"பத்து," என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "நர்சம்மா, பத்து. சோப்பு."

"ஆமா சார். அம்மா உள்ளுக்குள்ள சோப்பா மாறிட்டு வர்றாங்க போலிருக்கு."

சிரிக்காமல் இதைச் சொல்வதற்கு நான் பெற்ற பயிற்சியெல்லாம் தேவைப்பட்டது. அவர் ஓடினார். உண்மையிலேயே ஓடினார், ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு. மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு படிக்குப் பத்து மடங்கு, இரண்டு படிக்கு நூறு மடங்கு என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர், பயத்தில் அதையெல்லாம் மறந்துவிட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி கூட்டி இரண்டால் வகுத்தார். பத்தும் நாலும் பதினாலு, பாதி ஏழு. ஆகவே நாலு வேண்டும். நாலு எங்கே? பூட்டைத் திறந்து ஜாடி ஜாடியாகச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு போனார். தக்காளி, நாலேகால். கிட்டத்தட்ட.

கணக்கு தப்பு என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சாப்பாடு உள்ளே போகிற கணக்கு எதுவானாலும் எனக்குச் சரியான கணக்குதான்.

தக்காளியை வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, மசித்து, அவரே கிண்ணத்தில் கொண்டுவந்தார். கட்டிலில் உட்கார்ந்து, மனைவியின் தலையை ஒரு கையால் தாங்கி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார்.

"இன்னும் கொஞ்சம். கீழ வரணும்மா. தயவு பண்ணி வாயைத் திற."

"கட்டாயம்னா சாப்பிடறேன்," என்றார் அந்த அம்மா, கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதன் பிறகு அந்த வீட்டில் சமையல் என் சிட்டிகையைப் பொறுத்தது. காலையில் புரட்டிப் படுக்கவைக்கும்போது அந்த அம்மா என் காதில், "இன்னைக்குப் பால் சோறு" என்பார். பால் சோறு என்றால் ஆறேகாலுக்குக் கிட்ட. இரண்டும் சேர்ந்து பதினாலு வர, தாள் எட்டுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். சமையல் சோடா போதும். வாழைப்பழமும் தேநீரும் என்றால் ஐந்து, தாளில் ஒன்பது, சலவைச் சோடா ஒரு நுனி. எலுமிச்சைச் சாற்றுக்கு ஆசைப்பட்டால் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பேன். அதற்குப் பன்னிரண்டு வரை ஏற்ற வேண்டும், மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஹோட்டலில் கூட இவ்வளவு ஒழுங்காகச் சொன்னது வந்து சேராது. கொண்டுவருகிறவரும் கூலி கேட்கவில்லை.

டாக்டர் வந்தார். எடை போட்டார். முள் ஏறியிருந்தது. தையல் போட்ட இடத்தைத் திறந்து பார்த்தார், விளிம்பு ரோஜா நிறத்தில் கூடிவந்திருந்தது. சோதனைக்கு என்று பெட்பேனிலிருந்து அவரே கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அதில் நான் கை வைக்கவில்லை, என் தொழிலுக்கு மரியாதை உண்டு.

"ரொம்ப நல்லா இருக்கு. குழாயெல்லாம் வேண்டாம். என்ன பண்ணினீங்க?"

ஏழுக்காரர் தொண்டையைச் செருமினார். அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

"கணக்குதான், டாக்டர். பேஷண்ட் ஒரு நாளும் தானா ஏழுல நிக்கல. ஆனாலும் நான் விடல."

"அப்படியே தொடருங்க," என்றார் டாக்டர், பையை மூடியபடி.

அந்த அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். சமையலறைச் சாவி அவரிடம் இருக்கிறது. ஏழுக்காரர் தன் வெற்றியை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு இன்னும் ஊரில் உலவுகிறார். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் தேநீர் குடிக்க வரலாம்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. சந்தோஷம். பாலுக்கு நான் மேலே ஓர் எண் சொன்னேன். அது சரிதானா என்று தேடிப் பார்க்கக் கைப்பேசியை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். தாள் முக்காதவர்களிலும் ஏழுக்காரர்கள் உண்டு: வீட்டில் உள்ளவர்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த எண் வந்துவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போகிறவர்கள்.

சமீபகாலமாக உங்கள் வீட்டில் எல்லா எண்களும் நீங்கள் நினைத்தபடியே வந்துகொண்டிருக்கின்றனவா? யாரும் எதிர்த்துப் பேசுவதில்லையா? உங்களிடம் பணிவாகச் சந்தேகம் கேட்கிறார்களா, அதுவும் சாப்பாட்டு நேரத்தில்?

அப்படியானால் எழுந்துபோய்ச் சோடா டப்பாவைத் திறந்து பாருங்கள். குறைந்திருக்கும்.